கேலரியில் கோபப்படுகிறவர்

கிள்ளியாறு எஃப்.சி. தன் புதிய தலைமைப் பயிற்சியாளரை அறிவித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அந்த நேரத்தில் கேரளத் தலைநகரின் சாலைக் கடைத்தெருவில், திரவியத்தின் அரிசி மொத்தக்கடையில், சுடலைக்கண்ணு மட்டை அரிசி மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் போன் நடுங்கியது. எடுக்கவில்லை. மறுபடியும் நடுங்கியது. மூன்றாவது தடவை நடுங்கும்போது கல்லாவில் இருந்த திரவியம் தன் போனை உயர்த்திக் காட்டினான்.

"அண்ணாச்சி, ஒங்க டீமுக்குப் புதுக் கோச்சு வந்தாச்சு. வயசு என்ன தெரியுமா? இருபத்தொம்பது!"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சுடலைக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தார்கள். மூட்டை இறக்க வந்த சுமட்டுக்காரர்கள் இரண்டு பேர், பச்சரிசியைக் கையில் அள்ளி முகர்ந்துகொண்டிருந்த ஓட்டல்காரர் ஒருவர், எதிர்க்கடைப் பையன்கள். இப்போது இவர் கத்துவார், நாம் சிரிக்கலாம் என்று காத்திருந்தார்கள். சுடலைக்கண்ணுவுக்கு ஒன்றும் வரவில்லை. காலை ஏழு மணியிலிருந்து நின்ற கால். குதிகாலில் ஊசி இறங்குகிற மாதிரி வலி. "அம்பது இருநூறு" என்று எடையைச் சொல்லிவிட்டு அடுத்த மூட்டையைக் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"என்ன அண்ணாச்சி, ஒண்ணுமே சொல்லாம நிக்கீங்க?"

"சொல்லுவோம், சொல்லுவோம்" என்றார்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் இந்தக் கடைக்கு வந்தவர். அப்போது கல்லாவில் இருந்தது திரவியத்தின் அப்பா. அந்த மனிதர் பேச விடமாட்டார். "சரி மொதலாளி" என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே சுடலைக்கண்ணு பல வருஷங்களை ஓட்டினார். தராசைத் தொட விடவே பத்து வருஷம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. தங்கியிருந்த அறையில் எட்டுப் பேர், மின்விசிறி ஒன்று. ஒரு ஞாயிறு மதியம் புழுக்கம் தாங்காமல் வெளியே நடந்தபோது ஸ்டேடியத்தின் பக்கமிருந்து பெரும் சத்தம் வந்தது. யாரோ ஒருவர் கையில் கூடுதலாக இருந்த டிக்கெட்டை இவரிடம் நீட்ட, உள்ளே போனார்.

கேலரியில் கண்ட காட்சியை அவர் மறக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட, பெரிய உத்தியோகத்தில் இருப்பவர் போலத் தெரிந்த ஒரு மனிதர் எழுந்து நின்று, நடுவரைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் கடலை கொடுத்தார். அடுத்த ஞாயிறு சுடலைக்கண்ணு மறுபடியும் போனார். மூன்றாவது ஞாயிறு எழுந்து நின்றார். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக அன்றைக்கு என்ன கத்தினார் என்பது அவருக்கே தெரியாது. ஆனால் அறைக்குத் திரும்பியதும் வாரம் முழுக்கக் கட்டிவைத்த ஏதோ ஒன்று இறங்கிப்போனதுபோல் இருந்தது. அன்றைக்கு ஆடிய அணி கிள்ளியாறு. அதனால் அவர் கிள்ளியாறுக்காரர் ஆனார். அவ்வளவுதான் காரணம்.

கல்யாணம் ஆகி, பொன்செல்வியோடு கரமனையில் ஆற்றங்கரையை ஒட்டிய வாடகை வீட்டுக்குக் குடிவந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அணி ஜெயித்த வருஷங்கள் குறைவு. கலைத்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு வந்த வருஷங்களும் உண்டு. பிறகு ஒரு கம்பெனி வாங்கி, பேருக்குப் பின்னால் எஃப்.சி. என்று சேர்த்து, ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிவிட்டது. ஆட்டம் சனிக்கிழமைகளுக்கு மாறியது. சுடலைக்கண்ணு அதே கிழக்குக் கேலரியில், அதே வரிசையில் இருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் ஷிஜு வந்தான். கால்பந்து ரசிகர்களைப் பேச வைத்து யூடியூபில் போடுகிறவன். எல்லையிலுள்ள களியக்காவிளையில் வளர்ந்தவன் என்பதால் தமிழும் மலையாளமும் கலந்து சரளமாக வரும். கிள்ளியாறு மூன்று கோல் வாங்கித் தோற்ற ஒரு மாலை, வாசலில் நின்று புலம்பிக்கொண்டிருந்த சுடலைக்கண்ணுவின் முன்னால் போனை நீட்டினான். சுடலைக்கண்ணுவுக்கு உண்மையிலேயே வயிறு எரிந்துகொண்டிருந்தது.

"இந்தக் கோல்கீப்பரைக் கொண்டுவந்து எங்க கடை வாசல்ல நிறுத்திப் பாருங்கவே! மாடு வந்து பச்சரிசி மூட்டையைப் பாதி தின்னுட்டு, ஏப்பம் விட்டுட்டுப் போவும். அது தெரு முனை திரும்புற வரைக்கும் இவன் கையைத் தூக்கிக்கிட்டு ஆஃப்சைடு கேட்டுக்கிட்டு நிப்பான்!"

ஒரே வாரத்தில் லட்சக்கணக்கான பேர் அதைப் பார்த்தார்கள். பஸ்ஸில் கண்டக்டர் அடையாளம் கண்டு சிரித்தார். எதிர்க்கடையில் "மாடு வந்தாச்சு அண்ணாச்சி" என்று கத்தினார்கள். திரவியத்துக்கும் பெருமை. "ஆட்டம் உள்ள சனிக்கிழமை மூணு மணிக்கே கிளம்பிக்கோங்க" என்றான். முப்பத்தைந்து வருஷத்தில் அந்தக் கடையில் அவருக்குக் கிடைத்த முதல் சலுகை அது.

அதன் பிறகு ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஷிஜு வாசலில் நின்றான். முதல் சில வாரங்கள் சுகமாக இருந்தது. பிறகு, ஆட்டம் நடக்கும்போதே என்ன சொல்லலாம் என்று யோசிக்கத் தொடங்கினார். பந்தைப் பார்ப்பது குறைந்தது. ஜெயித்த நாளில் ஷிஜுவின் முகம் வாடியது. ஜெயித்தவனுக்குக் கோபம் வராதே. "அண்ணாச்சி, கொறச்சுகூடி, இன்னும் கொஞ்சம் சூடாவணும்" என்பான். சுடலைக்கண்ணு சூடாவார். பஸ்ஸில் கரமனைக்குத் திரும்பும்போது முன்னே இருந்த அந்த இலேசு இருக்காது. மூட்டை தூக்கிய பாரம் மாதிரி ஏதோ தோளிலேயே தங்கிவிடும்.

அன்று செவ்வாய்க்கிழமை மதியம் ஷிஜு கடைக்கே வந்துவிட்டான்.

"போன் எடுக்காதது எந்தா அண்ணாச்சி? எல்லாரும் பேசியாச்சு. காசு மிச்சம் பிடிக்க ஒரு பிள்ளையைப் பிடிச்சுக் கொண்டுவந்ததுன்னு பாதிப் பேரு. நம்ம நாட்டுப் பையன், ஒரு சான்ஸ் கொடுங்கன்னு கொஞ்சம் பேரு. முட்டு ஒடைஞ்சு இருபத்திரண்டு வயசுல பந்து களிக்கறதை நிறுத்தினவன், இவன் என்ன படிப்பிக்கும்னு வேற கொஞ்சம் பேரு. ஒங்க ரியாக்‌ஷன் மாத்திரம் இல்ல."

கடைக்குப் பின்னால், காலிச் சாக்குகளுக்கு நடுவே, மடியில் சாப்பாட்டு டப்பாவுடன் சுடலைக்கண்ணு உட்கார்ந்திருந்தார். புதிய கோச்சின் பேர் சுஜின் என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. போன மாதம் அனுப்பிவிட்ட ஸ்பெயின்காரரையும் சேர்த்து ஏழு வருஷத்தில் ஒன்பது கோச்சுகளைப் பார்த்தாயிற்று. பத்தாவது ஆளுக்கு இருபத்தொன்பது வயதானால் என்ன, எழுபதானால் என்ன?

ஏதோ பேசினார். ஷிஜு போனைத் தாழ்த்தினான். "இது வார்த்தை வாசிக்கற மாதிரி இருக்கு அண்ணாச்சி." இரண்டாம் தடவையும் சரியாக வரவில்லை. பசி வேறு. குனிந்து டப்பாவைப் பார்த்தார். அப்போது வந்தது.

"இருபத்தொம்பது வயசு! வே, நான் இந்தக் கடையில தராசைத் தொடவே பத்து வருஷம் ஆச்சு. இவன் கையில டீமையே தூக்கிக் குடுத்துட்டான்! காலையில இவன் அம்மா தலைசீவி, பவுடர் போட்டு, டிஃபன் பாக்ஸ் கட்டிக் குடுத்து, 'மக்கா, பெரிய பிள்ளைங்ககூடச் சண்டை போடாத, மத்தியானம் ஒழுங்கா சாப்பிடு'ன்னு சொல்லி பஸ் ஏத்தி விட்டுருப்பா. இவன் போயி முப்பத்தஞ்சு வயசு கேப்டன்கிட்ட 'அண்ணே, கொஞ்சம் ஓடுறீங்களா அண்ணே'ன்னு கேப்பான். அவன் சொல்லுவான், 'போலே தம்பி, போயி ஒரு ஓரமா இருந்து பாக்ஸைத் திற!'"

சொல்லிவிட்டு டப்பாவைத் தூக்கிக் காட்டி, கரண்டியால் நாலு தட்டுத் தட்டினார். ஷிஜு சிரித்த சிரிப்பில் போன் ஆடியது.

அன்று மாலை பொன்செல்வி அந்த வீடியோவைப் பார்த்தாள். அவள் கிழக்கேகோட்டையில் ஓர் ஓட்டல் சமையலறையில் காய் நறுக்கும் வேலை செய்பவள். அங்கே எல்லோரும் சிரித்தார்களாம். அவள் சிரிக்கவில்லை.

"அந்தப் பையனத் திட்டுங்க, வேண்டாங்கல. அவங்க அம்மாவ எதுக்கு இழுத்தீங்க?"

"சும்மா ஒரு தமாசுக்கு."

"ம்" என்று எழுந்து போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை சுஜினின் முதல் ஆட்டம். கிழக்குக் கேலரியில் ஐம்பது அறுபது பேர் எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாக்களோடு வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கிய பத்தாவது நிமிஷம் கரண்டியால் தட்டத் தொடங்கினார்கள். "சோறுண்டோ, சோறுண்டோ, கோச்சே சோறுண்டோ!" என்று ஒருவன் எடுத்துக் கொடுக்க, கேலரி முழுக்கப் பாடியது. சுடலைக்கண்ணுவைத் தோளில் தட்டி, "அண்ணாச்சி, எல்லாம் ஒங்க ஐடியா" என்றார்கள். கீழே கோட்டுக்கு வெளியே ஒல்லியான ஒருவன், கண்ணாடி போட்டவன், கையில் சிறிய நோட்டோடு நின்றான். சத்தம் கூடியபோதும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து மட்டும் கொஞ்சம் உள்ளே போனதுபோல் சுடலைக்கண்ணுவுக்குத் தோன்றியது. கிள்ளியாறு ஒரு கோலில் தோற்றது. அடுத்த வாரம் மூன்று கோலில் தோற்றது. டப்பாக்கள் இருநூறு ஆயின.

அதற்கடுத்த புதன்கிழமை சத்தியநேசன் அரிசி எடுக்க வந்தார். பாறசாலைப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். பதினோரு வருஷமாகப் புதன்தோறும் பழைய ஆம்னி வேனில் வருவார். வாங்கியதை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். வளவளவென்று பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு மூட்டைகளை ஏற்றிய பிறகும் போகாமல் தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, ஒரு காரியம் கேக்கணும். ஸ்டேடியத்துல எந்தப் பக்கம் இருந்தா நல்லது?"

"பந்தாட்டமா? நீங்க பாப்பீங்களா நேசண்ணே?"

"நான் பாக்கமாட்டேன். வீட்டுக்காரிக்குச் சனிக்கிழம வரணுமாம். மோன் அங்கதானே வேல பாக்கான்."

"அப்படியா? என்ன வேலை?"

சத்தியநேசன் அவரை நிமிர்ந்து பார்த்தார். "கோச்சு வேல. ஒங்களுக்குத் தெரியும்ணுல்லா நெனச்சேன்."

சுடலைக்கண்ணுவின் கை தராசின் மேலேயே இருந்தது.

"சுஜின் ஒங்க மகனா?"

"மூத்தவன். வீட்டுக்காரி எல்லா ஆட்டமும் போன்ல காண்பா. எதுக்கு எல்லாரும் டப்பாவத் தட்டுறாவன்னு கேட்டா. நான் என்னத்தச் சொல்ல? இங்க டவுண்ல அப்படித்தான், டீமு ஜெயிக்கணும்னு நேந்துக்கிட்டுத் தட்டுவாவன்னு சொல்லிட்டேன். இப்போ அவளும் ஒரு டப்பா கொண்டு வரப்போறாளாம்." சத்தியநேசன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "அதான், தட்டுறது இல்லாத பக்கம் எதுன்னு ஒங்களுக்குத் தெரியுமே. அங்க கொண்டு இருத்தலாம்னு."

"நேசண்ணே, அந்த வீடியோ..."

"கண்டேன். சிரிப்பாத்தான் பேசுனீங்க. யாரு மோன்ங்கறது மறந்து நானும் ஒரு நிமிஷம் சிரிச்சிட்டேன்." அவர் குரலில் வருத்தமோ குத்தலோ இல்லை. அதுதான் சுடலைக்கண்ணுவுக்குத் தாங்கவில்லை. "நீங்க சொன்னது தப்பும் இல்ல. அவ கட்டிக் குடுக்கத்தான் செய்யா. அவன் வயசுக்கு இது பெரிய வேலதான். உறங்குறது இல்ல, அண்ணாச்சி. ராத்திரி பூரா பழைய ஆட்டத்தப் போட்டுப் பாத்துக்கிட்டே இருப்பான். வேண்டாம்னு விட்டுட்டு வாலே மக்கான்னும் சொல்ல முடியல."

"மேக்குப் பக்கம்" என்றார் சுடலைக்கண்ணு. "மேக்கு வாசல்ல நில்லுங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அன்று மதியம் அவரே ஷிஜுவைக் கூப்பிட்டார். ஷிஜு பறந்து வந்தான். சுடலைக்கண்ணு போனைப் பார்த்து, டப்பா தட்டுவதை நிறுத்துங்கள், அது நான் தெரியாமல் சொன்னது, அந்தப் பையனுக்கும் அப்பா அம்மா உண்டு, கேட்டுக்கொள்கிறேன் என்று சொன்னார். கையை வீசாமல், மெதுவாகச் சொன்னார். ஷிஜு போனைத் தாழ்த்தி, "இது சீரியஸா?" என்று கேட்டான்.

"சீரியஸ்தான்."

ஷிஜு அதைப் போட்டான். கீழே வந்து விழுந்த கமெண்டுகளைத் திரவியம் வாசித்துக் காட்டினான். 'அண்ணாச்சியின் நடிப்பு சூப்பர்.' 'அழுவது போல முகத்தை வைத்ததுதான் டாப்.' 'சனிக்கிழமை குக்கரோடு வருகிறோம்.' இரண்டு வருஷமாகச் சூடாகச் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டு, ஒரு நாள் மெதுவாகச் சொன்னால் யார் நம்புவார்கள்? சுடலைக்கண்ணு ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். எழுந்திருக்கவே பிடிக்கவில்லை.

சனிக்கிழமை மேற்கு வாசலில் சத்தியநேசனும் அவர் மனைவி சரோஜமும் நின்றார்கள். சரோஜம் சின்ன உருவம். சர்ச்சுக்குப் போகிற மாதிரி கஞ்சி போட்ட சேலை. கையில் துணிப்பை, பைக்குள் பெரிய டப்பா. சுடலைக்கண்ணு அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், வயதானவர்களும் குடும்பங்களுமாக அமைதியாக இருக்கும் ஓரத்தில் உட்கார வைத்தார். முப்பத்தேழு வருஷத்தில் அவர் மேற்குப் பக்கத்திலிருந்து ஆட்டம் பார்த்ததில்லை. வெயில் பிடரியில் அடித்தது.

பத்தாவது நிமிஷம் எதிர்ப்பக்கம் தொடங்கியது. தகரக் கொட்டகைமேல் ஆலங்கட்டி விழுகிற மாதிரி சத்தம். "சோறுண்டோ, சோறுண்டோ!" சத்தியநேசன் சட்டென்று எழுந்து, "சாயா வாங்கிட்டு வாரேன்" என்று படியிறங்கிப் போய்விட்டார். சரோஜம் பைக்குள் கையை விட்டார். சுடலைக்கண்ணு குறுக்கே கையை நீட்டினார்.

"அம்மா, அத எடுக்காண்டாம்."

"கைத்துண்டு எடுக்கேன் அண்ணாச்சி. வெயிலு." துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். பிறகு எதிர்ப்பக்கத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும். இவரு சொன்னத நம்புன மாதிரி இருந்துட்டேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், கஷ்டப்பட்டு ஒண்ணு சொல்லியிருக்காரு. அதப் போயி இல்லன்னு சொல்லவா?"

சரோஜம் இப்போது அவர் பக்கம் திரும்பினார்.

"அந்த வீடியோவுல உள்ளது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"பவுடர் போட்டு விடமாட்டேன். மத்ததெல்லாம் செய்வேன்." அவர் முகத்தில் சிரிப்பு ஒன்று வந்து போனது. "இது அவனுக்கு உள்ள சோறு. ஆட்டம் முடிஞ்சாத்தான் தொண்டையில எறங்கும் அவனுக்கு. இன்னைக்கு எங்க வேன்லயே வீட்டுக்கு வாரான். நாளைக்கு சர்ச்சுக்குப் போவணும்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சுடலைக்கண்ணு வாயைத் திறந்தார். அந்த நேரம் எதிரணி கோல் போட்டது. சரோஜம் இரண்டு கையையும் சேர்த்து வாயின் மேல் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவரிடம் எதையும் பேச முடியவில்லை.

எண்பத்து மூன்றாவது நிமிஷம் கிள்ளியாறு ஒரு கோல் திருப்பியது. ஆட்டம் டிராவில் முடிந்தது. கேலரியில் யாருக்கும் சந்தோஷமும் இல்லை, பெரிய கோபமும் இல்லை. எல்லோரும் டப்பாக்களை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

ஆம்னி வேன் மேற்கு வாசலுக்குப் பின்னால், மதிலை ஒட்டி நின்றது. இருட்டத் தொடங்கும் நேரத்தில் சுஜின் தோள்பையோடு வந்தான். கிட்டத்தில் பார்க்க இன்னும் சின்னவனாகத் தெரிந்தான்; கண்ணுக்குக் கீழே மட்டும் வயதானவனைப்போலக் கருத்திருந்தது. சத்தியநேசன், "இது அண்ணாச்சி, சாலையில நமக்கு அரிசி தாறவரு" என்று மட்டும் சொன்னார். சுஜின் கை கூப்பினான். முகத்தை அடையாளம் கண்டுகொண்டானா என்று சுடலைக்கண்ணுவுக்குத் தெரியவில்லை. வேனுக்குள் பின் சீட்டில் ஏறி, டப்பாவை மடியில் வைத்துத் திறந்தான்.

சத்தியநேசனும் சரோஜமும் வெளியே நின்று சுடலைக்கண்ணுவோடு இரண்டு வார்த்தை பேசினார்கள். முட்டுவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று பேச்சு. ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது சுஜின் உறங்கிவிட்டிருந்தான். தலை கண்ணாடியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, மடியில் பாதி தின்ற சோற்று டப்பா, விரலில் சாம்பார். எத்தனை நாள் உறக்கமோ.

"வண்டிய எடுத்தா முழிச்சுக்கிடுவான்" என்று சரோஜம் மெதுவாகச் சொன்னார். "ஒரு பத்து நிமிஷம் கழியட்டு."

மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். அப்போதுதான் மதில் திரும்பும் இடத்தில் சத்தம் கேட்டது. ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் எட்டுப் பத்துப் பேர், முன்னால் போனை உயர்த்திப் பிடித்தபடி ஷிஜு. "அண்ணாச்சி! கிழக்கே முழுக்கத் தேடியாச்சு. இங்கோட்டு எதுக்கு வந்து?" அவர்களில் இரண்டு பேர் கையில் டப்பா இருந்தது.

இன்னும் இருபது அடி நடந்தால் வேனுக்குள் தெரியும். டிஃபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உறங்கும் கோச். நாளைக் காலையில் கேரளம் முழுக்க அந்தப் படம் ஓடும். சுடலைக்கண்ணு ஒன்றையும் யோசித்துச் செய்யவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேனுக்கு முன்னால் வந்து, கையை வீசிக் கத்தத் தொடங்கினார்.

"அந்த லைன்ஸ்மேன் எங்கவே? எங்க அவன்? கொடியப் புடிக்கச் சொன்னா, மொட்டைமாடியில துணி காயப்போடுற மாதிரி ஒரே எடத்துல தொங்கவிட்டுட்டு நிக்கான்!"

ஷிஜுவின் முகம் மலர்ந்தது. "நில்லு நில்லு அண்ணாச்சி, ரெக்கார்ட் ஆவட்டே!"

"நிக்க முடியாது! நான் இப்பவே அவன் மூஞ்சியப் பாக்கணும். வாங்கவே எல்லாரும்!" என்று அவர்களைத் தள்ளிக்கொண்டே கிழக்கு வாசல் பக்கம் நடந்தார். கூட்டம் கூடவே திரும்பியது. குதிகால் வலியோடு வேகவேகமாக நடந்துகொண்டே லைன்ஸ்மேனைத் திட்டினார். லைன்ஸ்மேன் முடிந்ததும் பந்து பொறுக்கிப் போடுகிறவர்களைத் திட்டினார். அதுவும் முடிந்ததும் ஸ்பெயினுக்குப் போய்விட்ட பழைய கோச்சைத் திட்டினார். பாதி ஏற்கெனவே சொன்னதுதான். நெஞ்சுக்குள் ஒரு பொட்டுக் கோபம் இல்லை. தொண்டை மட்டும் எரிந்தது. கிழக்கு வாசல் விளக்குக் கம்பத்தடியில் நின்றுகொண்டு, கூட்டத்தை ரோட்டுக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, கால் மணி நேரம் கத்தினார்.

அவர்கள் தலைக்கு மேலாக, தம்பானூர் போகும் ரோட்டில் அந்தப் பழைய ஆம்னி மெதுவாகத் திரும்புவது தெரிந்தது. பின்விளக்கில் ஒன்று எரியவில்லை. பஸ்களுக்கு நடுவே அது மறையும் வரை பார்த்துவிட்டு, வாக்கியத்தை முடிக்காமலேயே நிறுத்தினார்.

"மதி, ஷிஜு. போதும்."

"ஒரு கிளைமாக்ஸ் வேணுமே அண்ணாச்சி?"

"ஒண்ணும் இல்ல. எனக்கு ஏலாது" என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

அந்த வீடியோவை நாலாயிரம் பேர்கூடப் பார்க்கவில்லை. அண்ணாச்சிக்குப் பழைய காரம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஷிஜு அடுத்த மூன்று ஆட்டத்துக்குக் கூப்பிட்டுப் பார்த்தான். சுடலைக்கண்ணு போனை எடுக்கவில்லை. பிறகு அவனுக்குப் பேரூர்க்கடையில் ஓர் ஆட்டோக்காரர் கிடைத்தார். கோபம் வந்தால் தன் வண்டியின் ஹெட்லைட்டையே குத்துகிறவர். அவருக்கு நல்ல கூட்டம்.

கிள்ளியாறு நடுவில் இரண்டு ஆட்டம் ஜெயித்தது. டப்பா தட்டுவது யாரும் சொல்லாமலேயே நின்றுபோனது. அதற்குள் ஆட்களுக்குச் சலித்துவிட்டது. கடைசியில் பத்து அணிகளில் ஆறாவது இடம். சுஜினுக்கு இன்னும் ஒரு வருஷம் கொடுத்தார்கள். நல்லது என்றார்கள் சிலர், வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்றார்கள் சிலர். சத்தியநேசன் வழக்கம்போல் புதன்கிழமைகளில் வந்தார். மகனைப் பற்றி இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒரு தடவை மட்டும், "இப்போ கொஞ்சம் உறங்குறான்" என்றார்.

திரவியத்துக்குத்தான் சுவாரசியம் போய்விட்டது. வீடியோ நின்றதும், "சனிக்கிழம லோடு கூடுதல் அண்ணாச்சி, அஞ்சு மணி வரைக்கும் இருங்க" என்று சொல்லிவிட்டான். இரண்டு ஆட்டங்களைச் சுடலைக்கண்ணு தவறவிட்டார். மூன்றாவது சனிக்கிழமை, மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே, தராசைப் பார்த்தபடியே சொன்னார்:

"தம்பி, நான் மூணு மணிக்குப் போவேன். ஒங்க அப்பா காலத்துலேருந்து நான் எதுவும் கேட்டதில்ல. இது ஒண்ணுதான்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. திரவியம் போனிலிருந்து தலையைத் தூக்கி, அவரைப் புதிதாகப் பார்க்கிறவன்போலப் பார்த்தான். "செரி. அப்போ அன்னைக்குக் காலையில ஆறு மணிக்கு வரணும்" என்றான். சுடலைக்கண்ணு தலையாட்டினார்.

சனிக்கிழமைகளில் நாலரைக்கே எழுந்திருக்க வேண்டியதாயிற்று. பொன்செல்வி முணுமுணுத்துக்கொண்டே டப்பா கட்டிக் கொடுத்தாள். மதியம் மூன்றுக்குக் கிளம்பி அவர் மேற்குப் பக்கமே போய் உட்கார்ந்தார். அங்கே சாய்ந்துகொள்ளச் சுவர் இருந்தது. அந்த வருஷத்தின் கடைசி ஆட்டத்தில், இடைவேளைக்குப் பிறகு, வெயில் தாழ்ந்து கடல்காற்று வரத் தொடங்கியதும் அவருக்குக் கண் சொருகியது. பெரிய இரைச்சல் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தார்.

"ஆரு கோல் போட்டது?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

"நம்ம இல்ல. அவங்க."

"அப்படியா" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, காலை முன் வரிசைக்கு நீட்டிக்கொண்டார்.